விடுமுறைக் கைவேலை: நுங்குக் கூடு, ஓலை, கரம்பை

3 மே 2024 (வாசகி ஒருவரின் கேள்வி)

எனக்கு எட்டு வயதில் மகனும் ஐந்து வயதில் மகளும் இருக்கிறார்கள். திருநெல்வேலி பெருமாள்புரத்தில் வீடு, கணவரும் நானும் வேலைக்குப் போகிறோம். விடுமுறைக்கென்று கைவேலைப் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். மயில் ஒன்றை ஒட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதன் பிறகு இருவரும் மீண்டும் கைபேசிக்கே போய்விட்டார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து கையால் செய்யும் பொறுமை இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படியில்லை என்று சொல்பவர்கள், இங்கே நம் ஊரில் கிடைக்கும் பொருளை வைத்து என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

4 மே 2024

பொறுமை இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பெட்டிக்குள் இருந்தவை யாரோ முன்பே வெட்டி, துளையிட்டு, எண் போட்டு வைத்த துண்டுகள். பிள்ளைக்கு மிச்சம் வைத்தது ஒட்டும் வேலை மட்டும்தான். ஒட்டி முடித்த மயில் அலமாரியில் நிற்கும், வேறொன்றும் செய்யாது. என் கணக்கு இதுதான்: செய்து முடித்த பொருள் ஓட வேண்டும், சுழல வேண்டும், அல்லது சத்தமாவது போட வேண்டும். அப்படி ஒன்றைச் செய்வதற்கு என் ஒன்பது வயது மகளும் ஆறு வயது மகனும் ஒரு முற்பகல் முழுவதும் உட்காருவார்கள். உடைந்தால் மறுபடியும் செய்வார்கள்.

இன்று கத்திரி வெயில் தொடங்குகிறது, நுங்கு நன்றாக வந்துகொண்டிருக்கிறது. நுங்கு வண்டியில் தொடங்குங்கள். ஒரே அளவான இரண்டு நுங்குக் கூடுகள், அவற்றை இணைக்க ஒரு முழத்துக்குக் குறைவான உறுதியான குச்சி, தள்ளிக்கொண்டு போக நுனி கவட்டையாகப் பிரிந்த நீளக் கம்பு, இவ்வளவுதான் வேண்டும். குச்சியின் இரு முனையையும் சீவிக் கூராக்கி, கூடுகளில் குத்தி இறக்கினால் அச்சு தயார். கவட்டையை அச்சின் நடுவில் கொடுத்துத் தள்ளினால், அச்சும் சக்கரமும் ஒன்றாகவே உருளும். எங்கே குத்துவது என்பதில்தான் வண்டியின் தலைவிதி இருக்கிறது. காய் சரியான வட்டம் இல்லை. மூன்று கண்ணும் மூன்று பக்கம் உப்பியிருக்கும். அந்த மூன்று குழிகளுக்கும் நடுவில் கெட்டியான சதை சேரும் இடமே மையம். ஒரு விரற்கடை தள்ளிப்போனாலும் வண்டி நொண்டும். மையம் என்ற சொல்லை என் மகன் பள்ளியில் கற்பதற்கு முன் இந்த நொண்டி வண்டியில்தான் கற்றான்.

கூடுகளுக்குக் காசு வேண்டாம். சாலையோரம் நுங்கு வெட்டுகிறவரின் பக்கத்தில் குவிந்துதான் கிடக்கும்.

5 மே 2024

நேற்று எழுதியதில் ஒரு பிழை. கூடுகள் குவிந்து கிடப்பது உண்மைதான். ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் உதவாது. நுங்கைச் சிதையாமல் எடுத்துக் கொடுப்பதற்காக அவர் காயைப் பல கோணத்தில் வெட்டிவிடுகிறார். தலையை மட்டும் சீவிக் கொடுக்கச் சொல்லி, பிள்ளைகளைக் கட்டைவிரலால் நோண்டித் தின்னச் சொன்னால்தான் முழுக்கூடு கிடைக்கும். ஆறு காய் வாங்கினோம். தின்றதிலேயே வேலையில் பாதி முடிந்தது. சட்டையில் விழுந்த கறை போகவில்லை என்று என் மனைவி இதைச் சேர்த்து எழுதச் சொல்கிறாள்.

11 மே 2024

வண்டி நான்கு நாளில் சுருங்கிச் சுள்ளென்று காய்ந்து, எறும்பு மொய்த்து, குப்பைக்குப் போயிற்று. இதைக் குறையாகச் சிலர் கருதலாம். எனக்கோ வீட்டில் சேர்ந்து கிடக்காத விளையாட்டுச் சாமானே பிடித்தமானது.

அடுத்தது ஓலைக் காற்றாடி. ஏறத்தாழ ஒரு சாண் நீளமும் இரண்டு விரல் அகலமும் உள்ள பனையோலைத் துண்டு, உடைமரத்தின் நீண்ட முள் ஒன்று, ஒரு சோளத்தட்டை. ஓலையின் நடுவில் முள்ளைக் குத்தி, முள் நழுவாதபடி முன்னும் பின்னும் சிறிய ஓலை வில்லை ஒன்றைக் கோத்து, முள்ளின் கூர்முனையைத் தட்டைக்குள் இறக்கிவிட வேண்டும். துளை முள்ளைவிடச் சற்றே பெரிதாக இருந்தால்தான் ஓலை தளர்ந்து சுற்றும்.

என் பிள்ளைகள் செய்த முதல் காற்றாடி சுற்றவில்லை. இருவரும் தெருவில் மூச்சு வாங்க ஓடிப் பார்த்தார்கள். அது படபடவென்று அடித்துக்கொண்டதே தவிர நகரவில்லை. ஓலையின் இரண்டு பாதியையும் ஒரே பக்கமாகச் சாய்த்துவிட்டிருந்தார்கள். வலப்பாதியின் மேல்விளிம்பு முன்னே சாய்ந்தால் இடப்பாதியின் கீழ்விளிம்பு முன்னே சாய வேண்டும். அப்போதுதான் காற்று ஒன்றை மேலேயும் மற்றொன்றைக் கீழேயும் தள்ளி முழுச் சுற்றாக்கும். ஒரே பக்கம் சாய்ந்தால் இரண்டு தள்ளலும் ஒன்றையொன்று அழித்துவிடும். இதைச் சொல்ல வாய் வரை வந்ததை நான் விழுங்கிக்கொண்டேன். முக்கால் மணி நேரம் கழித்து மகள்தான் ஒரு முனையைத் திருப்பிப் பார்த்தாள். கயத்தாறு வழியாகப் போகும்போது காற்றாலைகளை இனி அவள் வேறு கண்ணால் பார்ப்பாள்.

முள்ளைப் பற்றி என் மதினி கேட்டதற்கு: முள்ளைப் பெரியவர்கள் பறித்துத் தர வேண்டும். குண்டூசி போதாதா என்றால், அதுவும் குத்தத்தான் செய்யும். முள்ளைவிட ஓலையின் விளிம்புதான் விரலை அறுக்கிறது. மட்டையின் கருக்கோ அரம்போல இருக்கும், அதை வெட்டி நீக்கிய பிறகே பிள்ளைகள் கையில் ஓலையைக் கொடுக்க வேண்டும்.

19 மே 2024

திசையன்விளைப் பக்கம் ஆச்சி வீட்டுக்குப் போய் நேற்றுத்தான் திரும்பினோம். தேரிக்காட்டுச் செம்மண்ணில் பனைகள் நிற்கும் ஊர். பனையேறி ஒருவர் இரண்டு குருத்தோலை வெட்டித் தந்தார். விரியாத குருத்து வெளிறிய மஞ்சளாக, துணிபோல் மடங்கும். முற்றிய சாரோலை பச்சையாக, முரடாக, மடக்கினால் முறியும். வேலி கட்டவும் கூரை வேயவும் சாரோலை, பிள்ளைகளின் விரலுக்குக் குருத்து. வெட்டிய குருத்தை ஒரு நாள் நிழலில் வாடவிட்டு, முடையும் முன் தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். இந்த நனைக்கும் வேலையைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பிறகு ஓலை உடைகிறது என்று குறைப்படுகிறார்கள். பத்தமடையில் கோரையை ஆற்றில் நாள்கணக்கில் ஊறப்போட்ட பிறகுதான் அந்த மெல்லிய பாய்க்கான இழையாகக் கிழிக்கிறார்கள். நாருக்கு நீர் வேண்டும் என்பது எல்லா முடைச்சலுக்கும் பொது.

ஆச்சி முதலில் கற்றுத்தந்தது பதநீர்ப் பட்டை. முடைய வேண்டியதில்லை, ஓலையை விரித்து, மடித்து, முனையைச் சேர்த்துக் கட்டினால் குடிக்கும் குவளை ஆகிவிடும். ஐந்து வயதுக்கு இதைவிடப் பொருத்தமான முதல் பாடம் இல்லை. அன்று மாலையே அதில் பதநீர் குடிக்கவும் கிடைத்தது. ஒழுகிற்று, ஒழுகுவதற்குள் குடித்துவிட வேண்டும் என்பதே ஒரு விளையாட்டாயிற்று.

பிறகு கிலுகிலுப்பை. ஒரு விரல் அகலத்தில் நான்கு ஓலைகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கிப் பெட்டிபோல் கூடி வரும்போது, வாய் மூடும் முன் உள்ளே சிறு கற்களைப் போட வேண்டும். ஆச்சி பேசிக்கொண்டே, எங்கோ பார்த்துக்கொண்டே முடைகிறாள். “ஓலைய வலிக்காதட்டி, அது போற பக்கம் விடு,” என்று மகளிடம் இருபது முறையாவது சொல்லியிருப்பாள். மகள் மூன்று முறை அவிழ்த்துக் கட்டி, நான்காவதை முடித்தாள். அருமையாக வந்தது. கற்களுக்குப் பதில் குன்றிமணி போட்டால் ஓசை மென்மையாக இருக்கும். ஓலைப் பொம்மைக்குக் கண் வைக்கவும் அது அழகு.

20 மே 2024

குன்றிமணி வேண்டாம். நேற்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அதன் பருப்பு கடும் நஞ்சு. முழுதாக இருக்கும்வரை மேல்தோல் காக்கும், துளையிட்டாலோ மென்றாலோ ஆபத்து. சிறு வயதில் நாங்கள் கைநிறைய வைத்து விளையாடினோம் என்பது ஒரு வாதமாகாது. கண்ணுக்கு மஞ்சாடியும் கிலுகிலுப்பைக்குப் புளியங்கொட்டையும் போதும்; எதையும் வாயில் போடும் வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் அவையும் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

2 ஜூன் 2024

“அருமையாக வந்தது” என்று கிலுகிலுப்பையைப் பற்றி எழுதியிருந்தேன். அதன் படத்தைக் கேட்டு மூன்று பேர் எழுதிவிட்டார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

மகள் முடித்தது கோணலாகத்தான் இருந்தது. ஒரு மூலை பிதுங்கி, ஒரு பக்கம் ஓலை இடைவெளி விட்டு, உள்ளே இருந்த கல் எட்டிப் பார்த்தது. அன்றிரவு அவள் தூங்கிய பிறகு நான் அதை அவிழ்த்து, ஆச்சி சொன்னபடி இறுக்கி, நேராக முடைந்து அவள் தலைமாட்டில் வைத்தேன். கல் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது என்பதை மறைக்க முடியாது. காலையில் எழுந்தவள் கையில் எடுத்து ஒரு முறை ஆட்டினாள். “இது என்னோடது இல்ல,” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். ஊர் திரும்பிய பிறகும் அதைத் தொடவில்லை. மிச்சக் குருத்தையும் தொடவில்லை.

காற்றாடியில் வாயைக் கட்டிக்கொண்டதைப் பெருமையாக எழுதியவன் நான்தான். வாயைக் கட்டியவனுக்குக் கையைக் கட்டத் தெரியவில்லை. கைவேலைப் பெட்டியில் யாரோ முன்பே வெட்டி வைத்த துண்டுகளைப் பற்றி மே 4ஆம் தேதி நான் அடித்த பேச்சையும் நேற்றுப் படித்துப் பார்த்தேன். அந்த யாரோ செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன், அதுவும் இரவில், திருட்டுத்தனமாக.

3 ஜூன் 2024

“அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டீர்களா?” என்று கேள்வி கேட்டவரே கேட்டிருக்கிறார். கேட்டேன். “சரிப்பா,” என்றாள். குருத்து காய்ந்து போயிற்று, இனி வேறு வாங்க வேண்டும்.

23 ஜூன் 2024

ஆனித் தேரோட்டம் பார்த்து வந்ததிலிருந்து வீட்டில் தேர்க் காய்ச்சல். நெல்லையப்பர் கோயிலில் ஐந்து தேர் என்பதால் எங்கள் வீட்டிலும் ஐந்து. தீப்பெட்டிகளை அடுக்கித் தட்டு, சோடா மூடியில் சக்கரம், ஈர்க்கில் அச்சு, தையல் நூலில் வடம். நான் திண்ணையில் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். மெய்யாகவே கைகளைக் கட்டிக்கொண்டு. சுவாமி தேர் மூன்றடி நகர்ந்ததும் வடம் அறுந்தது. “ஊர்த் தேர்லயும் அறுந்துச்சுல்லா!” என்று மகன் ஆறுதல் சொல்லிக்கொண்டான். இந்த ஆண்டு தேர் பார்த்தவர்களுக்குப் புரியும்.

14 ஜூலை 2024

காற்று வந்துவிட்டது. மே மாதம் ஓடி ஓடிச் சுற்றவைத்த காற்றாடி இப்போது மாடிக் கைப்பிடியில் கட்டிய இடத்திலேயே சுற்றுகிறது. பச்சை ஓலை கனமாக இருந்தது, காய்ந்தபின் வேகம் கூடியிருக்கிறது. ஆனால் இரண்டு காற்றாடிகள் சுருண்டு நின்றுவிட்டன. செய்பவர்கள் மே மாதத்தில் செய்யாமல் ஆனி கடைசியில் செய்யுங்கள்.

8 செப்டம்பர் 2024

நேற்றுப் பிள்ளையார் சதுர்த்தி. குளத்துக் கரம்பையில் பிள்ளையார் பிடித்தோம். குரங்காய் முடியவில்லை, ஆனால் உலர்ந்ததும் தும்பிக்கை தனியாக வந்துவிட்டது. கரம்பை மிக நுண்ணிய மண். நீர் வற்றும்போது நன்றாகச் சுருங்கும். மெல்லிய தும்பிக்கை முதலில் உலர்ந்து சுருங்க, பருத்த வயிறு ஈரமாகவே இருக்க, இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் விழுகிறது. நான்கு பங்கு கரம்பைக்கு ஒரு பங்கு சலித்த மணல் சேர்த்து, செய்த பொருளை ஈரத்துணியால் போர்த்தி நிழலில் இரண்டு நாள் மெல்ல உலரவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கும். ஒட்ட வேண்டிய உறுப்புகளை இரு பக்கமும் கீறி, குழைத்த மண்ணைத் தடவி ஒட்ட வேண்டும். வெறுமனே அழுத்தினால் நிற்காது.

மிச்ச மண்ணில் மகள் சொப்பு செய்தாள். எங்கள் வீட்டில் என் அம்மா காலத்து அம்பாசமுத்திரம் மரச்சொப்பு ஒரு பெட்டி இருக்கிறது. அந்த மரச்சொப்பு வீட்டில் செய்யக்கூடியதில்லை; கடைசலில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் கட்டையை அழுத்த, உரசும் சூட்டில் அரக்கு உருகி வண்ணம் ஏறுகிறது. ஆனால் அதைப் பார்த்து உரலும் திருகையும் குடமும் மண்ணில் பிடிக்கலாம். இவற்றை அடுப்பில் சுட்டுக் கெட்டியாக்கலாமா என்று கேட்டவருக்கு: வீட்டு அடுப்பின் சூடு போதாது, தண்ணீர் பட்டால் மண் மண்ணாகவே கரையும். சூளை வேண்டுமென்றால் மண்பாண்டம் செய்யும் காருகுறிச்சிக்குத்தான் போக வேண்டும்.

மண்ணைத் தொடவிடாத வீடுகளுக்கு: இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு தூளுப்பு, பிசையும் அளவு தண்ணீர். பிடிக்க எளிது, உலர்ந்தால் வண்ணமும் பூசலாம். ஐப்பசி அடைமழையில் உப்பு ஈரத்தை இழுத்து, நின்ற பொம்மை கூன் போட்டுவிடும். சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் போட்டது.

6 அக்டோபர் 2024

காலாண்டு விடுமுறை இன்றோடு முடிகிறது. இந்த ஒன்பது நாளும் காகிதக்கூழ். பழைய செய்தித்தாளைக் கிழித்து இரண்டு நாள் ஊறப்போட்டு, பிழிந்து, ஊறிய வெந்தயத்தோடு ஆட்டுரலில் அரைத்து, கவிழ்த்த பானையின்மேல் துணி விரித்து அப்பி, வெயிலில் காயவைத்துக் கழற்றினால் பெட்டி. வெந்தயத்தின் கொழகொழப்புதான் பசை. அதன் கசப்பு பூச்சியையும் அண்டவிடாது என்பார்கள். மைதாப் பசை காய்ச்சுகிறவர்கள் பழைய வழக்கப்படி மயில்துத்தம் சேர்க்க வேண்டாம். பூச்சிக்கு மட்டுமில்லை, பிள்ளைக்கும் அது நஞ்சு. அந்தந்த வேளைக்குக் கொஞ்சமாகக் காய்ச்சினால் போதும்.

அம்மா அரைத்தாள், மகள் அப்பினாள். சுவர் ஓரிடத்தில் விரல் தடிமன், ஓரிடத்தில் தாள் தடிமன். வெளியே மஞ்சள் பூசி, ஓரத்தில் மட்டும் மஞ்சளோடு சுண்ணாம்பைக் குழைத்துச் சிவப்புக் கரை இட்டாள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பதை ஆரத்தித் தட்டில் பார்த்து வைத்திருக்கிறாள். வெயிலில் வைத்தால் மஞ்சள் வெளுக்கும் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

இந்தப் பெட்டி ஓடவில்லை, சுழலவில்லை, சத்தமும் போடவில்லை. ஆனால் அதற்குள் அவளுடைய பென்சில்களும் ஒரு அறுந்த கொலுசும் ஏதோ மடித்த கடிதங்களும் குடியேறிவிட்டன. தம்பி தொட்டால் வீடு இரண்டாகிறது. எனவே மே 4ஆம் தேதி நான் போட்ட கணக்கு பாதிதான் சரி. ஆறு வயது மகனுக்கு அது இன்னும் பொருந்துகிறது. மகளுக்கு, தான் வைத்ததை வைத்த இடத்தில் காக்கும் ஒரு பொருள் வேண்டியிருந்தது. கேள்வி கேட்டவரின் மகளும் அந்த மயிலை உண்மையில் விரும்பியிருக்கலாம். அதைக் கேட்காமலே நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

14 டிசம்பர் 2024

கார்த்திகைக்கு மாவலி சுற்றுவதென்று ஒரு மாதமாகத் திட்டம். அலகுப்பனை என்னும் ஆண் பனையின் காய்ந்த பூங்கதிர்களைக் குழியில் போட்டுக் கரியாக்கி, இடித்துத் தூளாக்கி, பருத்தித் துணியில் இறுகச் சுருட்டிக் கட்டி, பிளந்த பனைமட்டைகளுக்கு நடுவே வைத்துக் கயிற்றில் பிணைக்க வேண்டும். நெருப்பு வைத்துச் சுற்றினால் பொறி பூவாகச் சிதறும். கரி மூட்டுவதும் சுற்றுவதும் என் வேலை, இடிப்பதும் துணி சுருட்டுவதும் அவர்களுடைய வேலை என்று பிரித்திருந்தோம். இரண்டு நாளாகக் கொட்டிய மழையில் தாமிரபரணியில் வெள்ளம் போகிறது. தெருவில் முழங்கால் தண்ணீர். கரித்தூள் தகர டப்பாவில் பத்திரமாக இருக்கிறது.

மழைக்கு முன்பே வாங்கி வைத்த குருத்தோலை இருந்ததால் ஓலைக் கொழுக்கட்டை செய்தோம். பச்சரிசி மாவு, கருப்பட்டிப் பாகு, தேங்காய்த் துருவல், சுக்கு, ஏலம். ஓலைத் துண்டுக்குள் மாவை நீளமாக வைத்து, மேலே இன்னொரு துண்டை மூடி, ஓலை நாரால் கட்டி ஆவியில் வேகவைப்பது. ஜூன் மாதத்துக்குப் பிறகு மகள் குருத்தைத் தொட்டது இதுதான் முதல் முறை. கட்டி முடித்ததும் மிஞ்சிய நான்கு கீற்றைத் தனியாக எடுத்துத் தண்ணீரில் நனைத்து வைத்தாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

மகன் கட்டியவற்றில் இரண்டு, இட்லிப் பானைக்குள் கட்டவிழ்ந்து மாவு வழிந்துவிட்டன. தட்டில் வந்ததும் அவை இரண்டும் தன்னுடையவை என்று முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டான்.